வாரத்தில் இரண்டு நாள்: சமூகப்பணி முதுகலையும் அதன் களமும்

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மாணவரை வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் பார்க்க முடியாது. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் இருப்பார். குழந்தைகள் இல்லத்தில் இருப்பார். சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனுவை நிரப்பிக்கொண்டிருப்பார். பாடத்திட்டம் இதைக் களப்பணி என்கிறது. மாணவர் வாயில் 'ஃபீல்டு ஒர்க்'. போகும் இடம் 'ஏஜென்சி'. இரண்டாண்டு, நான்கு பருவப் படிப்பில் இந்த இரண்டு நாள் ஒழுங்கு பெரும்பாலும் கடைசிவரை தொடர்கிறது. நடுவில் ஒரு வாரம், பத்து நாள் ஊரக முகாம். முடிவில் 'பிளாக் பிளேஸ்மென்ட்' என்று ஒரு மாதம் முழுநேரமாக ஒரு நிறுவனத்தில் பயிற்சி. எந்த இளங்கலை முடித்தவரும் சேரலாம் என்பதால் வணிகவியல், இயற்பியல், தமிழ் இலக்கியம் படித்தவர்கள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

வகுப்பில் நடத்தப்படும் பாடங்கள் பெரிய மர்மமல்ல. தனிநபரோடு பணி, குழுவோடு பணி, சமுதாயத்தை ஒருங்கிணைத்தல், நல நிர்வாகம், ஆய்வு, சமூகச் செயல்பாடு என ஆறு முறைகள். மேரி ரிச்மண்ட் 1917-இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்', ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கோட்பாடுகள், அதே ஆண்டில் ஹெலன் பெர்ல்மன் எழுதிய நூல். எல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை. நல்ல நினைவாற்றல் உள்ள மாணவர் ஒரு மாதத்தில் இவற்றைத் தேர்வுக்குத் தயார்செய்துவிடுவார். இந்தப் பட்டத்தின் மதிப்பு அங்கே தீர்மானமாவதில்லை. களத்திலிருந்து திரும்பிய மாணவர் எழுதும் ஏட்டையும், அந்த ஏட்டை ஆசிரியர் வரிவரியாக வாசித்துக் கேட்கும் கேள்விகளையும் பொறுத்தே அது இருக்கிறது. இந்தியாவில் இப்படிப்பு தொடங்கி 90 ஆண்டாகிறது. இதைச் சட்டங்கள் வளைத்திருக்கின்றன, வேலைச் சந்தை இழுத்திருக்கிறது. இரண்டும் கவனிக்காமல் விட்டது இந்த ஏட்டையும் கேள்வியையும்தான்.

முதல் பருவத்து ஏடு ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'காசநோய்ப் பிரிவில் 38 வயது ஆண் ஒருவரைச் சந்தித்தேன். மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை. மாத்திரையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னேன். இனி ஒழுங்காகச் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டார்.' நான்கு வரி. வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது போலத் தோன்றும். அக்கறையுள்ள மேற்பார்வையாளர் இங்கேதான் பேனாவை எடுக்கிறார். ஓரத்தில் எழுதுகிறார்: ஏன் நிறுத்தினார்? அவர் சொன்ன வார்த்தைகள் எங்கே? நீ பேசியது மட்டும் இருக்கிறது. எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார்? வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? ஒப்புக்கொண்டார் என்கிறாய், உன்னை அனுப்பிவிடுவதற்காக ஒப்புக்கொண்டாரா?

அடுத்த வாரம் மாணவர் அந்த நோயாளியின் வீட்டுக்குப் போகிறார். காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர் அவர். அதிகாலை மூன்று மணிக்கு வேலை தொடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் குமட்டலும் தலைசுற்றலும். இரண்டு முறை மூட்டையோடு தடுமாறியதில் மேஸ்திரி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். மாத்திரையை நிறுத்தினார், வேலை திரும்பக் கிடைத்தது. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். நோய் விஷயம் தெருவில் தெரிந்துவிடக் கூடாதென்று மனைவிக்குப் பயம். காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக அரசு மாதந்தோறும் தரும் தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. இவர் கைக்கு அது வரவே இல்லை. வங்கிக் கணக்கு நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கிறது.

இந்த மனிதருக்கு மாத்திரையின் முக்கியத்துவம் தெரியாமல் இல்லை. ஆறு மாதச் சிகிச்சையை நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறும் என்று மருத்துவமனைச் சுவரில் எழுதியிருப்பதை அவரும் படித்திருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டவை வேறு: மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் அவர் சார்பில் கேட்க ஒருவர், வங்கிக்கு உடன் வர ஒருவர், மனைவியின் பயத்தை உட்கார்ந்து கேட்க ஒருவர். மாணவர் இதை உணரும்போது அவருடைய ஏடும் மாறுகிறது. நான்கு வரி ஏழு பக்கமாகிறது. அதில் 'எடுத்துச் சொன்னேன்' குறைந்து 'கேட்டேன்' கூடுகிறது. சமூகப்பணிக் கல்வி என்று ஒன்று இருந்தால் இந்த மாற்றம்தான் அது என்பேன்.

இந்த ஏட்டை வைத்து வாரம் ஒருமுறை ஆசிரியரும் மாணவரும் தனியாகப் பேசுகிறார்கள். 'ஐ.சி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கூட்டாகப் பேசினால் 'ஜி.சி.' வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு சடங்காகத் தெரியலாம். ஆனால் போதை மீட்பு மையத்தில் பயிற்சிக்கு இருக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் பல தலைமுறை மாணவர்கள் பயின்றிருக்கிறார்கள். அந்த மாணவியின் எதிரே உட்கார்ந்திருப்பவர் குடித்துவிட்டு மனைவியை அடித்தவர். மாணவியின் வீட்டிலும் ஒரு குடிகார அப்பா இருக்கலாம். 'தீர்ப்புச் சொல்லாத மனப்பான்மை' என்ற பீஸ்டெக்கின் கோட்பாட்டைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்தான் அவர். ஆனாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? தோழியிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும். மேற்பார்வையாளரிடம் சொன்னால், அந்த எரிச்சல் தன் கேள்விகளை எப்படித் திருப்பிவிடுகிறது, எதைக் கேட்கவிடாமல் செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அப்படிச் சொல்லத் துணியும் நம்பிக்கையை மாணவரிடம் உண்டாக்க ஆசிரியருக்கு மாதங்கள் ஆகும். முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் அப்பாவைப் பற்றி யார்தான் முதல் வாரத்திலேயே பேசுவார்கள்?

படிப்பு தொடங்கிய விதத்திலேயே களம் முன்னால் நின்றது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட், பம்பாயில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடாவில் 1920-களில் அண்டை அயலார் இல்லம் ஒன்றை நடத்தினார். படிப்பகம், மருத்துவ உதவி, விளையாட்டு, சாதி மத வேறுபாடில்லாத கூட்டங்கள். இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று கண்டவர், டாடா அறக்கட்டளையின் துணையோடு 1936-இல் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டதாரிப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி முதலில் நடந்ததும் அந்த நாக்பாடா இல்லத்தில்தான். 1941-இல் அவருக்குப் பின் இயக்குநரானவர் ஜே.எம்.குமரப்பா. தஞ்சாவூர்க் குடும்பத்தவர், காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பாவின் சகோதரர். 1944-இல் பள்ளி டாடா சமூக அறிவியல் கழகம் என்று பெயர் மாறியது. வகுப்பறைக்கு முன்பே களம் இருந்த நிறுவனம் அது. களத்தின் தேவைக்காக வகுப்பறை வந்தது. பின்னாளில் தோன்றிய பல துறைகளில் இந்த வரிசை தலைகீழானது. முதலில் அனுமதியும் சேர்க்கையும், பிறகு மாணவரை எங்கே அனுப்பலாம் என்ற தேடல்.

சென்னையின் கதையும் களத்திலிருந்தே புறப்பட்டது. உதகமண்டலத்தில் பிறந்த பார்சிப் பெண்மணி மேரி கிளப்வாலா ஜாதவ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை வழியே போன படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் தொண்டர்களைத் திரட்டி உதவியவர். 'கில்டு ஆஃப் சர்வீஸ்' அமைப்பை ஆதரவற்றோர் இல்லங்கள், குழந்தைகள் நலம் எனப் பல துறைகளில் விரித்தவர். நல்ல மனம் படைத்த தொண்டர்களை ஆயிரக்கணக்கில் பார்த்த அவரே, தொண்டுக்கும் முறையான கல்வி வேண்டும் என்று முடிவுசெய்து 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கை நிறுவினார். எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் அது இயங்குகிறது. தொண்டின் உச்சத்தில் இருந்த ஒருவர் தொண்டு மட்டும் போதாது என்று கண்டது சாதாரணமானதல்ல.

ஆனால் அதற்குள் ஒரு சட்டம் வந்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவு: 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை நல அலுவலரை நியமிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் 300 தொழிலாளர் உள்ள தோட்டங்களுக்கு இதையே சொன்னது. சமூகப்பணி படித்தவருக்கு நிரந்தர ஊதியத்தோடு சட்டமே ஒரு நாற்காலியைக் காட்டிய இடம் இது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். தொழிலாளர் நலம் சிறப்புப் பாடமாக வளர்ந்தது. பணியாளர் மேலாண்மை என்று பெயர் மாறியது. பிறகு மனிதவள மேலாண்மை ஆனது. கோயம்புத்தூர், சென்னை, மதுரை, திருச்சிக் கல்லூரிகளில் மாணவர்கள் அதிகம் விரும்பிய பிரிவு நெடுங்காலம் அதுவே. கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை, படிப்பு முடிந்ததும் சம்பளம் வரும் பக்கம் போனால் அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அந்த நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல அலுவலருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவர் குரல் கொடுக்க வேண்டியது தொழிலாளிக்கு. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். வெளியார் யாரும் எளிதில் நுழைய முடியாத அந்த மதிலுக்குள், அந்தப் பெண்களின் நலத்தை விசாரிக்கச் சட்டப்படி இடம் பெற்றவர் நல அலுவலர். அவர் எந்தப் பயிற்சியோடு அங்கே போனார்? மனிதவளப் பிரிவு மாணவரின் களப்பணி பல ஆலைகளில் வருகைப் பதிவேடு, கேன்டீன், வருங்கால வைப்புநிதிப் படிவம் என்று அலுவலக மேசையிலேயே முடிந்துவிடுகிறது. விடுதியில் ஒரு பெண்ணோடு தனியாக அரைமணி நேரம் பேசி அதை ஏட்டில் எழுதிய மாணவர் எத்தனை பேர்? அதைக் கேட்ட மேற்பார்வையாளர் எத்தனை பேர்? 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு நல அலுவலருக்கான வரம்பை 250 தொழிலாளராகக் குறைத்திருக்கிறது. பணியிடங்கள் கூடும். அந்த இடங்களுக்குப் போகிறவர்களைத் தயார்செய்யும் பொறுப்பும் அதே அளவில் கூட வேண்டும்.

மனநலத் துறையில் சட்டம் வேறொரு வகையில் குழப்பியிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாத, தெரிந்தாலும் போய்வர வழியில்லாத குடும்பங்கள். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தது; ராமநாதபுரத்து வீட்டுக்கும் அந்த மருத்துவமனைக்கும் இடையே குடும்பத்தோடு பேசி வழிகாட்ட ஆள் இல்லை. உளவியல் சமூகப் பணியாளரின் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரை அங்கீகரித்தது. யார் உளவியல் சமூகப் பணியாளர் என்பதற்கு அது தரும் விளக்கம்: சமூகப்பணியில் முதுகலை, அதற்குமேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு எம்.ஃபில். நல்ல விளக்கம். ஆனால் புதிய கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. ஒரு சட்டம் கட்டாயமாகக் கேட்கும் பட்டத்தை இன்னொரு விதி இல்லாமல் ஆக்கிவிட்டது. பிறகு உளவியல் சமூகப்பணி, மருத்துவ உளவியல் ஆகிய இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தார்கள். பயிற்சிக்கு மாற்று வழியைத் திட்டமிட்ட பிறகு பழையதை நிறுத்துவதே முறை. இங்கே வரிசை மாறிவிட்டது. இந்தப் படிப்புக்காகப் பேச அதிகாரமுள்ள தேசியக் குழு ஒன்று இருந்திருந்தால் இந்த முரண் முன்கூட்டியே கண்ணில் பட்டிருக்கும். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் சமூகப்பணிக்கு இங்கே தனியான சட்டபூர்வக் குழு கிடையாது. 1990-களிலேயே வரைவு எழுதப்பட்டும் அது சட்டமாகவில்லை. இணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் உளவியல் சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பது ஒரு தொடக்கம். மற்றவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் பதிவு பெறாத ஒருவர் தன்னைச் 'சோஷியல் ஒர்க்கர்' என்று சொல்லிக்கொள்வது 2005 முதல் சட்டப்படி குற்றம். இங்கே யார் வேண்டுமானாலும் அட்டை அச்சிட்டுக்கொள்ளலாம்.

அப்படி ஒரு குழு இல்லாததன் விளைவுக்கு இளைஞர் நீதிச் சட்டம் (2015) நல்ல சான்று. சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைகளின் வழக்கை விசாரிக்கும் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது பெண். அந்த இரண்டு இடத்துக்குத் தகுதி என்ன? குழந்தைகள் நலத்தில் ஏழாண்டு ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருத்தல். சமூகப் பணியாளரின் இருக்கைக்கான பட்டப் பட்டியலில் சமூகப்பணிப் பட்டம் இல்லை. அதே சட்டம் குழந்தைகள் நலக் குழுவுக்கான பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது என்பதால், இது வேண்டுமென்றே விடப்பட்டதாகத் தோன்றவில்லை. எடுத்துச் சொல்ல யாரும் இல்லாததால் விடுபட்டதாகவே நினைக்கிறேன்.

அதே சட்டத்தில் நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை இருக்கிறது. பதினாறு வயதுப் பையனின் வீடு, பள்ளி, நண்பர்கள், சம்பவத்தின் பின்னணி எல்லாம் அதில் வர வேண்டும். படிவத்தில் கட்டங்களை நிரப்பி அனுப்பவும் முடியும். வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசி எழுதவும் முடியும். அந்தப் பையன் வீடு திரும்புவதா இல்லத்தில் இருப்பதா என்று முடிவெடுப்பவர்கள் வாசிப்பது இந்தத் தாள்களை. முதல் பருவத்தில் நான்கு வரி எழுதிய மாணவரை ஏழு பக்கம் எழுத வைத்த ஆசிரியரின் உழைப்பு இங்கே ஒரு பையனின் வாழ்க்கையாக மாறுகிறது.

கேட்கத் தெரிந்தவர்கள் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிகார் மாநிலம் முசாஃபர்பூர் சாட்சி. டாடா சமூக அறிவியல் கழகத்தின் 'கோஷிஷ்' என்னும் களச் செயல்திட்டக் குழு, பிகார் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்தது. 2018-இல் அளித்த அறிக்கை, முசாஃபர்பூர்ச் சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமையை வெளிக்கொண்டுவந்தது. அந்த இல்லம் அரசு நிதியில் நடந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். பதிவேடுகளைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாதது, சிறுமிகளிடம் பேசியவர்களுக்குத் தெரிந்தது. 2020-இல் இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1996-இல் மும்பையில் 'சைல்டுலைன்' 1098 தொலைபேசிச் சேவை தொடங்கியதும் இதே கழகத்தின் களச் செயல்திட்டமாகத்தான். களத்தை மாணவருக்கான பயிற்சிக்கூடமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஆசிரியரும் இறங்கி வேலை செய்யும் இடமாக வைத்திருந்ததன் பலன் இது.

ஊரக முகாமைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அமெரிக்கப் பாடநூல்கள் தராத பாடத்தை நம் மாணவருக்குத் தருவது அதுதான். முகாமின் இரண்டாம் நாள் பெரும்பாலும் ஊர் வரைபடம் வரைவார்கள். 1990-களில் இந்தியத் தொண்டு நிறுவனங்கள் வழியே பரவிய பங்கேற்பு மதிப்பீட்டு முறை இது. ஊரார் கோலமாவையும் வண்ணப்பொடியையும் கொண்டு தரையில் தங்கள் ஊரை வரைய வேண்டும். மாணவர் கூட நின்று கேட்க வேண்டும். எங்கே வரைவது? ஊராட்சித் தலைவர் கோயில் முன் திடலைக் காட்டுவார். நிழல் இருக்கிறது, இடம் பெரிது. தலித் காலனியிலிருந்து வந்தவர்கள் திடலின் ஓரத்திலேயே நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். வரைபடத்தில் மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் துல்லியமாக வரும். காலனி ஒரு மூலையில் நாலைந்து புள்ளிகளாக முடிந்துவிடும். மாணவர்கள் அதைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டுவார்கள், மதிப்பெண்ணும் வரும்.

அன்றிரவு முகாம் கூட்டத்தில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: படத்தை வரையும்போது யார் எங்கே நின்றார்கள்? அடுத்த நாள் காலனிக்குள் போய் அங்கேயே இன்னொரு படம் வரைந்தால் வேறு ஊர் ஒன்று தெரியும். அதில் அங்கன்வாடிக்குப் போகும் தூரம் வேறு, சுடுகாட்டுப் பாதை வேறு, எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்பதும் வரும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவருக்குச் சாதி பற்றித் தனியாக ஒரு தாள் நடத்த வேண்டியதில்லை. மாணவர்களிலேயே சிலர் அந்தக் காலனி போன்ற ஒன்றிலிருந்து வந்திருப்பார்கள். திடலில் நின்ற அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று ஆசிரியர் தனியாகக் கேட்க வேண்டும். அவர்களை வகுப்பின் முன் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கக் கூடாது.

இவ்வளவும் ஆசிரியருடைய நேரத்தில் தொங்குகிறது. ஒரு மேற்பார்வையாளரிடம் எட்டு மாணவர் இருந்தால் வாரம் 16 ஏடுகள். ஆளுக்கு அரைமணி நேரம் தனியாகப் பேசினால் நான்கு மணி நேரம். முடியும். அதே ஆசிரியரிடம் 25 மாணவரைக் கொடுத்தால் 50 ஏடுகள், பேச்சுக்கு மட்டும் பன்னிரண்டரை மணி நேரம். வகுப்பு, தேர்வுத்தாள், தரமதிப்பீட்டுக் கோப்புகள் இவற்றுக்கு நடுவே அது நடக்காது. பிறகு ஏட்டில் சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, கையெழுத்து. சுயநிதிப் பிரிவுகளில் ஆண்டுக்காண்டு மாறும் ஒப்பந்த ஆசிரியர்களை நம்பி இதை நடத்தும் துறைகளில் மாணவர் ஏமாற்றப்படுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதுகலை மாணவர் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி முடித்தாக வேண்டும். நம் பாடத்திட்டங்களும் தாளில் அதற்குச் சளைத்தவையல்ல. வாரத்துக்கு 15 மணி நேரம் என்று பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். யாரும் வாசிக்காத மணி நேரங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மொழியும் இங்கே தடையாகிறது. நோயாளி தமிழில் பேசுகிறார். மாணவர் தமிழில் கேட்கிறார். ஏடு மட்டும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்துவந்தவர் இலக்கணப் பிழைக்குப் பயந்து தனக்குத் தெரிந்த பத்து வாக்கியங்களுக்குள் எல்லாரையும் அடைத்துவிடுகிறார். அவர் கேட்டுவந்த பேச்சில் பாதி பேருந்திலேயே தங்கிவிடுகிறது. உரையாடல் பகுதியைத் தமிழிலேயே எழுத அனுமதிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாத் துறைகளும் அதைச் செய்யலாம். தடுக்க நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு பட்டம் பெற்றவர் போகும் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. ஆலோசனை மையம் என அரசுத் திட்டங்களின் அன்றாட உயிர் இவர்கள் கையில் இருக்கிறது; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஆணையும் தொகுப்பூதியமும்தான் அவர்கள் கையில். தமிழ்நாட்டின் உடலுறுப்பு தானத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு நாடே இதைப் பேசியது. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பேசுகிறவர் மாற்று உறுப்பு ஒருங்கிணைப்பாளர். அந்தப் பணிக்கு விரும்பத்தக்க தகுதிகளில் ஒன்றாகச் சமூகப்பணி முதுகலையை 2014 விதிகள் குறிப்பிடுகின்றன. மகனின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கையில் அவன் இறந்துவிட்டான் என்று கேட்கும் தாயிடம் எப்போது பேசுவது, எப்போது பேசாமல் பக்கத்தில் இருப்பது என்பதை எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை. ஏட்டில் அது தெரியும்.

இன்னொரு தரப்பு இருக்கிறது. மாணவர் கற்றுக்கொள்வது யாருடைய வாழ்க்கையின் மேல்? மருத்துவமனையிலும் இல்லத்திலும் குடியிருப்பிலும் உள்ளவர்கள், இன்னும் பட்டம் பெறாத ஒருவரிடம் தங்கள் வீட்டு ரகசியத்தைச் சொல்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் மாணவர் தேர்வுக்குப் போய்விடுகிறார். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் 'அக்கா எப்ப வருவாங்க' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த கல்வியாண்டில் வேறொரு அக்கா வந்து, உன் பேர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று முதலிலிருந்து தொடங்குவார். அப்பா இல்லாத பிள்ளை அந்தக் கேள்விக்கு வருடத்துக்கு ஒருமுறை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விடைபெறுதலைப் பற்றி எல்லாப் பாடநூல்களிலும் ஓர் இயல் இருக்கிறது. கடைசி நாளுக்குப் பல வாரம் முன்பே சொல்லத் தொடங்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதோடு கைமாற்றமும் வேண்டும். போகும் மாணவர், தான் சந்தித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்: என்ன பேசினோம், எது பாதியில் நிற்கிறது, எதைத் திரும்பக் கேட்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் அதைப் படித்துக்காட்டி, அவர் வேண்டாம் என்பதை அடித்துவிட்டு, நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் மூடிய உறையில் கொடுக்க வேண்டும். வரும் மாணவர் முதல் நாள் அதை வாசித்துவிட்டே உள்ளே போக வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ மானியக் குழுவின் ஆணையோ தேவையில்லை. துறைத் தலைவர் ஒருவர் ஏப்ரல் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினால் ஜூனில் நடைமுறைக்கு வந்துவிடும்.